மதியம் நடந்த இடத்தில் இரவு மீன்

முதல் நாள், புதன்: போர்ட்டிஸ்ஹெட்

மதியம் இரண்டு மணிக்குக் காரை விட்டு இறங்கியபோது கடல் கடலாக இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பழுப்புச் சேறு. அதில் மழைநீர் ஓடை மாதிரி கோடுகள். அதற்கும் அப்பால், ஏதோ பள்ளத்துக்குள் ஓடுவது போல ஒரு தண்ணீர்ப் பட்டை. எதிரே வேல்ஸ் நாட்டுக் கரை. என்னோடு வந்த மச்சினன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இதுதான் அடிமட்டம் மாமா. ராத்திரி எட்டரைக்கு இதே இடத்துல நின்னா உங்க தலைக்கு மேல ரெண்டு மாடித் தண்ணி இருக்கும்."

மிகைப்படுத்துகிறான் என்றுதான் நினைத்தேன். இல்லை, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான்.

இங்கிலாந்தின் மேற்குக் கரையில், செவெர்ன் ஆறு பிரிஸ்டல் கால்வாயில் கலக்கும் இடம் இது. பக்கத்தில் இருக்கும் ஏவன்மவுத் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சராசரியாக 12 மீட்டர் வித்தியாசம். மிகப் பெரிய ஓதம் (கடல் ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறேன்) வரும் நாட்களில் 14 மீட்டரையும் தாண்டும். நான்கு மாடிக் கட்டடம் ஒன்று ஒரு நாளில் இரண்டு முறை முழுகி இரண்டு முறை எழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இதைவிடப் பெரிய ஓதம் உண்டு. உலகத்தில் இந்த வரிசையில் வைக்க வேறு அதிக இடங்கள் இல்லை.

ஏன் இப்படி? அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஓதம் புனல் மாதிரியான வாய்க்குள் நுழைகிறது. உள்ளே வர வரக் கரைகள் நெருங்குகின்றன, தரை மேடாகிறது. அத்தனை தண்ணீருக்கும் போக்கிடம் மேலே மட்டும்தான். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, நம் நடையும் தண்ணீரின் ஆட்டமும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிட்டால் தளும்பிக் கொட்டிவிடும் அல்லவா? இந்தக் கடல்பகுதி முன்னும் பின்னும் ஆட எடுத்துக்கொள்ளும் நேரம், ஓதத்தின் பன்னிரண்டரை மணி நேரத் தாளத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. அதனால்தான் இந்தத் தளும்பல்.

சரி, மீன் கதைக்கு வருகிறேன். இன்று அமாவாசை. பேட்டரி முனை என்று ஒரு பாறை மேடு. அதில் 1931-ல் வைத்த குட்டிக் கலங்கரை விளக்கம் ஒன்று கறுப்பாக நிற்கிறது. ஆழமான நீரோட்டம் இந்த முனையை உரசிக்கொண்டு போவதால் பெரிய சரக்குக் கப்பல்கள்கூடக் கையெட்டும் தூரத்தில் போவது போலத் தெரிகிறது. ஒன்று போனது. மேல்தளத்தில் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். குவளையின் நிறம்கூடத் தெரிந்தது.

ஆறு மணிக்குத் தூண்டில் போட்டோம். போட்டேன் என்பதைவிடத் தூக்கி எறிந்தேன் என்பதே சரி. பன்னிரண்டு அடிக் கம்பு, 170 கிராம் ஈயம், என் முழு பலம். எண்பது மீட்டராவது போயிருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஈயத்தில் நான்கு கம்பிகள் நங்கூரம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அது தரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் நீரோட்டம் ஐந்து நாட் வேகம், அதாவது மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கும் மேல். தூண்டில் நரம்பு வில் மாதிரி வளைந்தது, ஈயம் பிடுங்கிக்கொண்டு வலப்பக்கமாக உருண்டது, எங்கோ பாறையில் மாட்டியது. இழுத்தேன். அறுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது போனபோது மச்சினன் வாயைத் திறக்காமல் இன்னொரு ஈயத்தை எடுத்துக் கொடுத்தான். திட்டியிருந்தால் தேவலை.

அவன் அதுவரை கம்பையே தொடவில்லை. கல்லில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மணிக்கு எழுந்தான். ஓதம் உச்சியை நெருங்கியதும் அந்த ஓட்டம் மெல்ல அடங்கியது. இருபது நிமிடம் கடல் ஏரி மாதிரி நின்றது. அந்த இருபது நிமிடத்தில் அவனுக்கு இரண்டு வைட்டிங் மீன், எனக்கு ஒன்று. உள்ளங்கையை விடச் சற்றே நீளம். தண்ணீரிலேயே விட்டோம்.

திரும்பும்போது அவன் சொன்னது இது: "பெரிய ஓதத்துல இந்த முனைக்கு வரவே கூடாது மாமா. அஷ்டமியை ஒட்டி வந்தா தண்ணி பாதி வேகம்தான் இருக்கும். நீங்க லீவு போட்ட தேதி அப்படி."

லீவு போடும் முன் ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று யார் நினைப்பார்கள்?

இரண்டாம் நாள், வியாழன்: கிளீவ்டன்

இன்று சேறும் இல்லை, பாறையும் இல்லை. கிளீவ்டன் ஊரிலிருந்து கடலுக்குள் 300 மீட்டருக்கு மேல் நீளும் பாலம். நீராவிக் கப்பல்கள் வந்து நிற்பதற்காக 1869-ல் திறந்தார்கள். கால்கள் ஒல்லியாக, உயரமாக, கொக்குக் கால் மாதிரி இருக்கின்றன. புரூனல் என்ற பொறியாளர் போட்ட ரயில் பாதையில் வேண்டாமென்று கழித்த தண்டவாளங்களைக் கொண்டு கட்டியது என்று மச்சினன் சொன்னான். 1970-ல் எடை தாங்குமா என்று சோதித்துப் பார்த்தபோது ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சும் வந்ததாம். ஊரார் விடவில்லை. 1989-ல் மறுபடி திறந்தார்கள். முனையில் இருக்கும் மண்டபம் 1998-ல் முடிந்தது. சீட்டு வாங்கினால் தூண்டில் போடலாம்.

காலை எட்டே முக்காலுக்கு உச்சி. நாங்கள் பத்தரைக்குப் போனபோது தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மரப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தால் காலுக்குக் கீழே குழம்பு நிறத்தில் ஓடுகிறது. இந்த நிறத்துக்குச் சாக்கடை காரணம் இல்லை. ஓதம் ஒவ்வொரு நாளும் அடிச்சேற்றைக் கிளறி எடுத்துக்கொண்டே இருப்பதால் அது படிய நேரமே கிடைப்பதில்லை. ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது.

மீனுக்கும் தெரியாது. இந்தக் கரையின் மீன்பிடிப்பு முழுக்க இந்த ஒரு உண்மையில் நிற்கிறது. மினுக்கும் போலி இரை, பளபளக்கும் கரண்டித் துண்டு எல்லாம் இங்கே வீண். வாசனைதான் எல்லாம். லக் புழு, கணவாய்த் துண்டு, கானாங்கெளுத்தி, ஓடு கழற்றப்போகும் நண்டு. நாற்றம் எவ்வளவு தூரம் பரவுகிறதோ அவ்வளவு நல்லது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரையை மாற்றச் சொன்னான். சாறு போன இரை வெறும் நார். இந்தக் கலங்கலில் ஒரு நன்மையும் உண்டு. தெளிந்த கடலில் இருட்டினால்தான் கரைக்கு வரும் மீன்கள், இங்கே பட்டப்பகலில் கரையோரம் வரும். அவற்றுக்கு எப்போதும் இரவுதான்.

பதினொன்றரைக்குக் கம்பு மெல்லக் குனிந்தது. இழுப்பு இல்லை, கனம் மட்டும். ஈரச் சாக்கைத் தூக்குவது மாதிரி. மேலே வந்ததும் தெரிந்தது: முள்திருக்கை. முதுகு முழுக்கப் பழுப்புப் புள்ளிகள், நடுவில் வரிசையாக முள். மூன்று கிலோ இருக்கும்.

இங்கேதான் கதை. பாலத்தின் மேலிருந்து மீனை நரம்பிலேயே தூக்கினால் வாய் கிழிந்துவிடும். அதற்காக வட்டமான வலையைக் கயிற்றில் கட்டி இறக்கி, மீனை அதில் ஏற்றி, கயிற்றை இழுக்க வேண்டும். மச்சினன் வலையை இறக்கினான். கயிறு முடிந்துவிட்டது. வலை தண்ணீருக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்தபோது போதுமாக இருந்த கயிறு! ஒரு மணி நேரத்தில் கடல் இரண்டு மீட்டருக்கும் மேல் கீழே போய்விட்டது.

நான் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். திருக்கை நீரோட்டத்தில் பட்டம் மாதிரி விரிந்துகொண்டு இழுக்கிறது. மச்சினன் தன் பையின் தோள்பட்டையைக் கழற்றிக் கயிற்றோடு முடிச்சுப் போடுகிறான். அதுவும் பற்றவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர், எங்களை அரைமணி நேரமாகப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தவர், தன் பெட்டியைத் திறந்து சுருட்டி வைத்த கயிற்றை நீட்டினார். ஏற்கெனவே நுனியில் கொக்கி கட்டி வைத்திருந்தது. எத்தனை பேருக்கு இப்படிக் கொடுத்திருப்பாரோ. ஒரு வார்த்தை பேசவில்லை. வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், திரும்பவும் தன் கம்பைப் பார்க்கப் போய்விட்டார்.

திருக்கையைப் படம் எடுத்துக்கொண்டு அதே வலையில் இறக்கி விட்டோம்.

மூன்றாம் நாள், வெள்ளி: ஸ்டோல்ஃபோர்ட், பெர்ரோ

இன்று கம்பைக் காரிலிருந்து எடுக்கக் கூடாது என்று மச்சினன் சட்டம் போட்டுவிட்டான். "இன்னைக்குத் தரையைப் பாருங்க. அப்புறம் தண்ணியைப் பார்க்கலாம்." வாத்தியார் தொனி. உன் அக்காவிடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். சொல்லுங்கள் என்றான்.

முதலில் ஸ்டீயர்ட். பாரெட் ஆற்றின் வாயருகே, 2014-ல் கடல் தடுப்புக் கரையை வேண்டுமென்றே உடைத்து, ஓதத்தை விளைநிலத்துக்குள் விட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் சுவர் எழுப்பிக்கொண்டே போக முடியாது, சில இடங்களில் கடலுக்கு இடம் விட்டால்தான் மற்ற இடத்தைக் காக்க முடியும் என்ற கணக்கு. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது முழுச் சதுப்பாகிவிட்டது. கிளை கிளையாகப் பிரியும் சேற்று ஓடைகள். ஓதம் ஏறும்போது குட்டிக் கொடுவாய் மீன்கள் (இங்கே பாஸ் என்கிறார்கள், நம் கொடுவாய்க்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்) அந்த ஓடைகள் வழியாக உள்ளே போய், புல்லுக்கு நடுவே மேய்ந்துவிட்டு, தண்ணீர் இறங்கும்போது கூடவே இறங்கிவிடும். வீட்டு வாசலில் பள்ளிக்கூட வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவது மாதிரி.

அங்கிருந்து ஸ்டோல்ஃபோர்ட். கூழாங்கல் கரை, மேற்கே ஹிங்க்லி பாயின்ட் அணுமின் நிலையத்தின் பாரந்தூக்கிகள், முன்னால் முடிவில்லாத சேறு. நான் பார்க்க ஆசைப்பட்டது இங்கே நடந்துவந்த ஒரு மீன்பிடிப்பை. சேற்றுக்குதிரை என்று பெயர். குதிரை கிடையாது, மரச் சறுக்குப் பலகை. முன்பக்கம் வளைந்து தூக்கியிருக்கும். மீனவர் அதன் மேல் நெஞ்சைச் சாய்த்துப் படுத்தாற்போல் சாய்ந்து, பின்னங்காலால் சேற்றை உந்தி உந்திப் போவார். உடம்பின் எடை பலகை முழுவதும் பரவுவதால் புதையாது. அப்படி ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் போய், தூரத்தில் கழி நட்டுக் கட்டிய வலைகளில் இறால், மீன் எடுத்துக்கொண்டு, ஓதம் திரும்புமுன் சரக்கோடு திரும்பி வர வேண்டும். வலை கட்டியவர் வலைக்குப் போகவில்லை என்றால் அடுத்த ஓதம் மீனை அழித்துவிடும். மழையோ பனியோ, நாள் தவறக் கூடாது. தலைமுறை தலைமுறையாக ஒரே ஒரு குடும்பம்தான் கடைசிவரை இதை விடாமல் வைத்திருந்தது.

இன்று யாரும் சேற்றில் இல்லை. தூரத்தில் சாய்ந்த கழிகள் மட்டும் தெரிந்தன. நான் கரையோரத்தில் நின்று மனக்கணக்குப் போட்டேன். 12 மீட்டர் ஓதம் ஆறு மணி நேரத்தில் ஏறுகிறது. ஆனால் சீராக ஏறாது. முதல் மணியிலும் கடைசி மணியிலும் சோம்பல். நடுவில் இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி, அதாவது 6 மீட்டர் ஏறிவிடும். நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர். செங்குத்துச் சுவரில் அது ஒன்றுமில்லை. இந்தச் சேறு நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் சரிகிறது என்றால் தண்ணீர் விளிம்பு நிமிடத்துக்கு 5 மீட்டர் நம்மை நோக்கி வரும். உலர்ந்த தரையில் நடந்தே தப்பிவிடலாம். முழங்கால் சேற்றில்? அதுவும் நேராக முன்னால் மட்டும் வராது. ஓடைகள் முதலில் நிறையும். முன்னால் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு முதுகுப் பக்கம் தண்ணீர் வந்துவிடும்.

மதியத்துக்கு மேல் பெர்ரோ. பர்ன்ஹாம் ஊரின் கடற்கரையில் ஒன்பது மரக்கால்களில் நிற்கும் வெள்ளைக் கலங்கரை விளக்கம் ஒன்று வழியில் வந்தது. 1832-ல் கட்டியது. ஓதம் கால்களுக்கு நடுவே வந்து போகும். அதைத் தாண்டி வடக்கே மணலில் ஒரு கப்பலின் விலா எலும்புகள். நோர்னன் என்ற நார்வேப் பாய்மரக் கப்பல், 1897 மார்ச்சில் புயலில் கரை தட்டியது. இன்னும் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரிகிறது.

இங்கே மேல்பகுதி மணல், கீழே போகப் போகச் சேறு. எல்லை எங்கே என்று கண்ணால் சொல்ல முடியாது, நிறம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். எச்சரிக்கைப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. புழு தோண்ட மணல் பகுதியே போதும். லக் புழு U வடிவ வளையில் இருக்கும். ஒரு முனையில் சின்னக் குழி, மறுமுனையில் முறுக்குப் பிழிந்தது போன்ற மண்சுருள். இரண்டுக்கும் நடுவில் தோண்ட வேண்டும். சுருளின் மேலேயே மண்வெட்டியைப் போட்டேன், பாதிப் புழு வந்தது. மறுபாதி மண்ணுக்குள் என்னை என்ன நினைத்திருக்குமோ.

ஐம்பது புழு சேர்ந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கீழே பெரிய சுருள்கள் தெரிகின்றனவே என்று ஒரு இருபது அடி கூடுதலாகப் போனேன். வலது கால் முட்டி வரை இறங்கியது. எடுக்க இடது காலை ஊன்றினேன், அதுவும் போனது. உதற உதற இளகுகிறது, நின்றால் சிமென்ட் மாதிரி இறுகுகிறது. இந்தச் சேற்றின் குணமே அதுதான். கலக்கினால் கூழ், விட்டால் களிமண்.

"அசையாதீங்க மாமா! பின்னால உக்காருங்க. உக்காருங்கன்னா உக்காருங்க!"

சேற்றில் உட்கார்ந்தேன். சாய்ந்து கிட்டத்தட்டப் படுத்தேன். எடை பரவியதும் கால் இறங்குவது நின்றது. மச்சினன் மணல் பக்கமே நின்றுகொண்டு வாளியைக் கவிழ்த்துத் தள்ளினான், அதைக் கைக்கு அணையாக வைத்துக்கொண்டு காலை மெதுவாக, மிக மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி எடுத்தேன். பத்து நிமிடம். ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. கடிகாரம் மூன்றே கால், ஓதம் அடிமட்டத்தில் இருந்தது, நேரம் நிறைய இருந்தது. இருந்தும் தூரத்தில் அந்தத் தண்ணீர்ப் பட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

2002-ல் இந்தக் கரையில் ஒரு சிறுமியைச் சேறும் ஓதமும் சேர்ந்து கொண்டுபோய்விட்டன. மீட்புப் படகு சேற்றில் ஓடாது, ஆளும் நடக்க முடியாது. அதற்குப் பிறகு மக்கள் பணம் திரட்டி, சேற்றின் மேலேயும் ஓடும் ஹோவர்கிராஃப்ட்டை பர்ன்ஹாமில் வைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர்கள் தன்னார்வலர்கள். சிக்கிக்கொண்டால் 999 அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேட்க வேண்டும். என் போனோ கரையில் கிடந்த கோட்டுப் பையில் இருந்தது. மச்சினன் இதைப் பற்றித் திரும்பும் வழியெல்லாம் பேசினான். பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நான்காம் நாள், சனி: ப்ரீன் டவுன்

புதுப் பூட்ஸ். ஒரு சைஸ் பெரிது.

ப்ரீன் டவுன் ஒரு சுண்ணாம்புக்கல் மலை. கடலுக்குள் திமிங்கிலம் மாதிரி நீட்டிப் படுத்திருக்கிறது, உயரம் 97 மீட்டர். நுனியில் 1860-களில் கட்டத் தொடங்கிய பீரங்கிக் கோட்டை. பிரெஞ்சுக்காரர்கள் வருவார்கள் என்று பயந்து கட்டியது, அவர்கள் வரவே இல்லை. 1900 ஜூலையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, கோட்டையின் ஒரு பகுதி போனது, அதோடு படையும் போனது. நோர்னன் கரை தட்டிய அதே 1897-ல், மே மாதம், மார்க்கோனி நடுவில் இருக்கும் ஃப்ளாட் ஹோம் தீவிலிருந்து எதிர்க்கரைக்குக் கம்பியில்லாமல் செய்தி அனுப்பினார். கடலைக் கடந்த முதல் வானொலிச் செய்தி அதுதான். சில நாளில் இந்த மலைக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே அனுப்பிப் பார்த்தார். இரண்டு மாதம் முன்னால் அந்தக் கப்பல் உதவி கேட்டுத் தத்தளித்ததை நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு வற்றம். இன்று நான் கேட்காமலேயே தரையைப் பார்க்கப் போனேன். மலையின் அடியில், பாதையிலிருந்து இறங்கினால் கால் வைக்க இடம் இருக்கும் ஒரு பாறைத் திட்டு. அதன் முன்னால் கற்கள், கற்களுக்கு நடுவே ஓர் ஆள் படுக்கும் அகலத்தில் ஒரு வாய்க்கால். பாசி தொங்கும் விளிம்புகள். வாய்க்காலில் மட்டும் கொஞ்சம் மணல், கொஞ்சம் சேறு, நண்டுகள் ஓடிய தடம். கல்லைப் புரட்டினால் கீழே நண்டு. திட்டிலிருந்து அந்த வாய்க்காலுக்கு எண்ணிப் பார்த்தேன், முப்பது தப்படி எடுத்து வைத்தேன். இருபத்தைந்து மீட்டர் சுமார்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாளும் நான் எண்பது மீட்டர் தாண்டி எறிந்தது எதற்கு? கடல் அங்கே இருக்கிறது என்பதால், மீனும் அங்கே இருக்கும் என்று. மீனுக்கு வேண்டியது இந்தக் கல்லுக்கு அடியில் இருக்கிறது. ஆறு மணி நேரம் வெயிலிலும் காற்றிலும் கிடந்த நண்டும் புழுவும், தண்ணீர் தொட்டதும் வெளியே வரும். அதைத் தின்ன மீன் ஓதத்தின் விளிம்போடேயே வரும். நான் நிற்கும் இடத்துக்கே வரும். நான் அதன் தலைக்கு மேலாக எறிந்துகொண்டிருந்தேன்.

மச்சினனிடம் சொன்னேன். "ரெண்டு நாளா இதைத்தான மாமா சொல்றேன்" என்றான். இல்லை, அவன் சொல்லவே இல்லை. சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இரவு ஏழு மணிக்குத் திரும்பவும் அந்தத் திட்டு. மேலே ஏறும் பாதையை முதலில் விளக்கடித்துப் பார்த்துவைத்துக்கொண்டோம். வாய்க்கால் மறைந்துவிட்டது, அதன் மேல் மூன்று மீட்டர் தண்ணீர். ஈயத்தை மெதுவாக, பிள்ளைக்குப் பந்து போடுவது மாதிரி அங்கே போட்டேன். ஈயத்தை முள்ளுக்குக் கீழே வலுவில்லாத மெல்லிய நரம்பில் கட்டச் சொன்னான். கல்லில் மாட்டினால் அது மட்டும் அறுந்து, மீன் மிஞ்சும்.

ஐந்து நிமிடத்தில் கம்பு நுனி படபடத்தது. ஒரு விலாங்கு, ஆற்று விலாங்கு. ஐரோப்பிய விலாங்கு அழியும் நிலையில் இருப்பதால், தூண்டிலில் வந்தால் கட்டாயம் விட்டுவிட வேண்டும். நரம்பைத் தன் உடம்பில் எட்டுச் சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தது. கழற்றுவதற்குள் என் கோட்டு, கை, முகம் எல்லாம் கோழை. அடுத்து நாக்கு மீன் ஒன்று, 31 சென்டிமீட்டர். அதை வைத்துக்கொண்டோம். அப்புறம் ஒரு பாஸ். அடித்த அடியில் கம்பு முக்காலியிலிருந்து எழுந்துவிட்டது. வெள்ளி மாதிரி வந்தது. அளந்தால் 39. வைத்துக்கொள்ள 42 வேண்டும். மச்சினன் இரண்டாம் முறை அளக்கவில்லை. நான் மட்டும் அளந்தேன். 39 தான்.

உச்சிக்குச் சற்று முன், பத்து மணிக்கு, காங்கர் விலாங்கு. கம்பு மெல்ல, மரியாதையாக, கீழே போனது. தூக்கினால் பாறையே வருவது மாதிரி. காங்கர் இரையை எடுத்ததும் வாலை ஏதாவது பொந்தில் சுற்றிக்கொள்ளும். அதற்கு முன் தூக்கிவிட வேண்டும். "விடாதீங்க, விடாதீங்க, ரெண்டடி மேல எடுங்க போதும்!" இரண்டடி எடுத்தேன், அது ஒரு அடி எடுத்தது. இப்படியே கொஞ்ச நேரம். விளக்கு வெளிச்சத்தில் தலை தெரிந்தபோது நாய்த்தலை அளவு. என் தொடைக் கனம், ஆறேழு கிலோ. திட்டில் ஏற்றாமல் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுத்துவிட்டான். அது அவசரமே படாமல் திரும்பிப் போனது.

அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். நாக்கு மீனை வெண்ணெயில் வறுத்தோம். இரண்டு பேருக்கு ஒரு மீன். முள்ளைச் சப்பியதில் சண்டை.

ஐந்தாம் நாள், ஞாயிறு: மறுபடி போர்ட்டிஸ்ஹெட்

வீடு திரும்பும் வழி. ஓதம் கொஞ்சம் சிறுத்துவிட்டது. பத்தரைக்கு உச்சி. பேட்டரி முனையில் இரண்டு மணி நேரம், எல்லாம் காலடியில். நாய்ச்சுறா இரண்டு, வைட்டிங் நாலு. ஈயம் ஒன்றுகூடப் போகவில்லை.

தண்ணீர் இறங்க இறங்கத் திட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தேன். பாசி படர்ந்த பாறை, வழுக்கல். நாங்கள் அன்று நின்ற இடத்திலிருந்து வலப்பக்கம், சுமார் பதினைந்து அடி தூரத்தில், பாசிக்கொத்துக்குள் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. என் ஈயம். புதன்கிழமை ராத்திரி எண்பது மீட்டர் எறிந்தது. பக்கத்திலேயே இரண்டாவது. முள்ளில் மாட்டியிருந்த கணவாய்த் துண்டை நண்டுகள் சுத்தமாகத் தின்றிருந்தன. மூன்றாவதைத் தேடினேன், கிடைக்கவில்லை.

நரம்பைச் சுருட்டி, முள்ளைத் தக்கையில் குத்தி, ஈயங்களைப் பையில் போட்டேன். மேலே மச்சினன் கடிகாரத்தைக் காட்டிக் கையசைத்தான்.

"மாமா, இன்னும் ஒண்ணு இருக்கும்னு தேடாதீங்க. ஏறி வாங்க."

ஏறினேன்.